முள்ளைப் பார்த்தால் வம்சம் தெரியும்!

கருவேல மரத்துக்குப் பெயர் மாறிவிட்டது, தெரியுமா? கண்மாய்க்குள் தண்ணீரில் நிற்கும் அதே கருவேல்தான். பல்லுக்குக் குச்சியும் ஆட்டுக்கு நெற்றும் ஏருக்குக் கட்டையுமாகத் தலைமுறை தலைமுறையாக நமக்குக் கொடுத்த அதே மரம்தான். தாவரவியல் புத்தகத்தில் ‘அகேசியா நிலோட்டிகா’ என்று படித்தோமே, அது இப்போது ‘வாச்செல்லியா நிலோட்டிகா’! எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சீயக்காயும் தப்பவில்லை. ‘அகேசியா கன்சின்னா’வாக இருந்தது ‘செனகாலியா ருகாட்டா’ ஆகிவிட்டது. ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேல், 2022-இல் ‘புரோசோபிஸ்’ என்ற பெயரை விட்டு ‘நெல்டுமா’வுக்குப் போய்விட்டது. இத்தனை பேருக்கும் பெயர் போன பிறகு, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்ட வாட்டில் மரம் மட்டும் ‘அகேசியா’ என்ற பெயரை ஜம்மென்று வைத்துக்கொண்டிருக்கிறது!

எப்படி நடந்தது இது? யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்? எதை வைத்து? மரத்தடியில் நிற்கிற நமக்குக் கடைசியில் வந்து விழும் லத்தீன் பெயர் மட்டும்தான் தெரிகிறது. அதற்குப் பின்னால் பூட்டிய அலமாரிகள் இருக்கின்றன. மரபணு ஆய்வகங்கள் இருக்கின்றன. அனல் பறந்த ஒரு வாக்கெடுப்பு இருக்கிறது. ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஓரமாகக் கிடந்து எழுந்து வந்த ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர்களில் ஒருவர் நம் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர் என்றால் துள்ளிக் குதிக்கத் தோன்றுமா தோன்றாதா? வாருங்கள், ஒவ்வொரு கதவாகத் திறந்து எட்டிப் பார்ப்போம்.

காய்ந்த கிளைகளின் அலமாரி

முதல் கதவு ஹெர்பேரியம். தமிழில் உலர்தாவரகம் என்பார்கள். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. லண்டன் கியூ தோட்டத்தில் இருப்பது உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. எங்கே போனாலும் உள்ளே காட்சி ஒன்றுதான்: வரிசை வரிசையாக அலமாரி, அலமாரிக்குள் உறை, உறைக்குள் தடித்த வெள்ளைத் தாள், தாளின் மேல் தைத்தோ ஒட்டியோ வைத்த ஒரு காய்ந்த கிளை.

கருவேல் தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகள் பழுப்பேறிவிட்டன, ஆனால் முள் அப்படியே கூர்மையாக நிற்கிறது. உதிர்ந்த விதைகளுக்குத் தாளின் மூலையில் ஒரு சின்னக் காகிதப் பை. வலப்பக்கம் கீழே ஒரு சீட்டு: எந்த ஊர், எந்தத் தேதி, யார் பறித்தது, மரம் எவ்வளவு உயரம், பூ என்ன நிறம். காய்ந்த பூவில் நிறம் போய்விடும் என்பதால்தான் பறித்தவரே அங்கேயே எழுதி வைக்கிறார்.

இனிமேல்தான் சுவாரசியம்! பெயர் மாறினால் பழைய பெயரை யாரும் அழிப்பதில்லை, அடிப்பதும் இல்லை. பக்கத்தில் இன்னொரு சீட்டை ஒட்டி, புதுப்பெயரும் தன் கையெழுத்தும் தேதியும் போடுவார்கள். கருவேலுக்கு லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் ‘மிமோசா நிலோட்டிகா’. தாவரவியலாளர் கேம்பிள் 1915-இல் தொடங்கிய சென்னை ராஜதானித் தாவர நூலில் அது ‘அகேசியா அராபிகா’. பிறகு நாம் படித்த ‘அகேசியா நிலோட்டிகா’. 2008-இல் ‘வாச்செல்லியா நிலோட்டிகா’. ஒரே கிளைக்குப் பக்கத்தில் இத்தனை பெயர்ச் சீட்டுகள் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் தாளைப் பார்க்கும்போது, அந்த மரத்தை மனிதர்கள் எப்படியெல்லாம் புரிந்துகொண்டார்கள் என்ற வரலாறே ஒரு தாளில் கிடைத்துவிடுகிறது. இதைவிட நேர்மையான பதிவேடு வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

மகரந்தத் தாள்களை எண்ணிய மனிதர்

அடுத்த கதவைத் திறந்தால் தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தம் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் மரபணு கிடையாது, கணினி கிடையாது. கையில் லென்ஸ், மேசையில் உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவிந்த காய்ந்த பூக்கள். அவ்வளவுதான்.

பெந்தம் என்ன செய்தார் என்று நீங்களே செய்து பார்க்கலாம். கருவேலம்பூ ஒன்றைப் பறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உருண்டையாக இருப்பது ஒரு பூ என்று நினைத்தால் அதுதான் முதல் ஆச்சரியம்: அது ஒரு பூங்கொத்து! டஜன் கணக்கில் குட்டிப் பூக்கள் ஒரே உருண்டையில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஊசியால் ஒரு குட்டிப் பூவை மட்டும் பிரித்து லென்ஸுக்கு அடியில் வையுங்கள். கண்ணைப் பறிக்கும் அந்த மஞ்சள் இதழ்களுடையது அல்ல. இதழ்கள் உள்ளே ஒடுங்கிக் கிடக்கின்றன. வெளியே சிலிர்த்து நிற்பவை எல்லாம் மகரந்தத் தாள்கள். எண்ணத் தொடங்கினால் எண்ணி மாளாது!

இந்த எண்ணிக்கைதான் பெந்தமின் அளவுகோல். மகரந்தத் தாள் பத்தோ அதற்குக் குறைவோ இருந்தால் ஒரு கூட்டம்: தொட்டாற்சிணுங்கி, வன்னி, சவுண்டல் எல்லாம் அங்கே. தாள்கள் ஏராளமாக இருந்து அடியில் ஒன்றாக இணைந்து குழலாக நின்றால் இன்னொரு கூட்டம்: வாகை, தூங்குமூஞ்சி, கொடுக்காப்புளி. ஏராளமாக இருந்தும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றால் அது அகேசியா. 1842-இல் போட்ட இந்தக் கோட்டை 1875-இல் பெரிய நூலாகவே எழுதினார். கோடு தெளிவாக இருந்தது, யாராலும் சரிபார்க்க முடிந்தது. அதனால் நூறு ஆண்டுக்கு மேல் நின்றது. ஆப்பிரிக்கச் சவன்னாவின் குடை மரம், நம் கருவேல், மெக்சிகோவின் முள்மரம், ஆஸ்திரேலியாவின் வாட்டில் என்று கண்டம் கண்டமாக 1,350 சிற்றினங்கள் வரை ஒரே பேரினத்துக்குள், அதாவது லத்தீன் பெயரின் ஒரே முதல் சொல்லுக்குள், வந்து சேர்ந்தன. பூக்கும் தாவர உலகத்தின் மாபெரும் பேரினங்களில் ஒன்றாக அகேசியா வளர்ந்து நின்றது.

ஆனால் உள்ளே முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. முள் ஒத்துப்போகவில்லை. இலை ஒத்துப்போகவில்லை. மகரந்தத்தின் அமைப்பு ஒத்துப்போகவில்லை. 1986-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த லெஸ்லி பெட்லி, இது ஒரு பேரினம் இல்லை, குறைந்தது மூன்று என்று எழுதியே விட்டார். அவர் பிரித்தபடி கருவேல் கூட்டத்துக்கு அகேசியா, சீயக்காய் கூட்டத்துக்கு செனகாலியா, ஆஸ்திரேலிய வாட்டில் கூட்டத்துக்கு ராகோஸ்பெர்மா. வாட்டில் மரங்களுக்கு அகேசியா என்ற பெயர் இல்லையா என்று ஆஸ்திரேலியாவிலேயே பலர் ஏற்கவில்லை. நெருப்பு அங்கேதான் பற்றியது!

நகம் அளவு இலையில் ஒரு குடும்ப மரம்

மூன்றாவது கதவு மரபணு ஆய்வகம். அலமாரியில் தூங்கும் தாளிலிருந்து நகம் அளவு இலைத் துணுக்கு போதும். காட்டிலிருந்து புதிதாகப் பறித்தால் சிலிக்கா ஜெல் போட்ட பையில் உடனே உலர்த்தி எடுத்து வருவார்கள். இலையை மாவாக அரைத்து, மரபணுவைப் பிரித்து, வேண்டிய பகுதிகளை மட்டும் பிடிக்கச் செயற்கையாகச் செய்த இழைகளை விடுவார்கள். அந்த இழைகள் தமக்குப் பொருத்தமான மரபணுத் துண்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். காந்தம் வைத்து இழுத்தால் இழையோடு துண்டும் சேர்ந்து வரும். மற்றதையெல்லாம் கழுவிவிடலாம். பல பத்தாண்டுகளுக்கு முன்னால் காய்ந்துபோன இலையிலிருந்துகூட இப்படிப் படிக்க முடிகிறது என்பது எப்பேர்ப்பட்ட விஷயம்!

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பசுங்கணிக மரபணுக்கள் சிலவற்றை மட்டும் வைத்தே முதல் குண்டு விழுந்தது. பெந்தமின் அகேசியா ஒரே கிளையில் உட்காரவில்லை! கருவேல் கூட்டம் ஓரிடத்தில், சீயக்காய் கூட்டம் வேறோரிடத்தில், அமெரிக்காவின் இரண்டு சின்னக் கூட்டங்கள் தனித்தனியாக. ஆஸ்திரேலிய வாட்டில் போய் உட்கார்ந்த இடம்தான் உச்சம்: அது வாகை, தூங்குமூஞ்சி, கொடுக்காப்புளி இருக்கும் கிளைக்குள் இருந்தது. ஊட்டி வாட்டிலுக்கு நெருங்கிய உறவு நம் கருவேல் இல்லை, தெருவோரத் தூங்குமூஞ்சிதான்! தனித்தனியாக நிற்கும் ஏராளமான மகரந்தத் தாள்கள் என்ற அடையாளம், வெவ்வேறு கிளைகளில் வெவ்வேறு சமயங்களில் தோன்றக்கூடியது என்பது புலப்பட்டது. பெந்தம் பார்த்தது பொய்யில்லை. அவர் பார்த்த ஒற்றுமை உறவால் வந்ததல்ல, அவ்வளவுதான்.

அதன் பிறகு வேலை சூடு பிடித்தது. 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று 420 சிற்றினங்களில் 997 மரபணுக்களைப் படித்து ஒப்பிட்டது. ஆயிரத்துக்கு மூன்றுதான் குறைவு! பழைய அகேசியா இன்று அகேசியா, வாச்செல்லியா, செனகாலியா, அகேசியெல்லா, மரியோசூசா, பாராசெனகாலியா, சூடோசெனகாலியா என்று ஏழு பேரினங்களாகிவிட்டது.

வியன்னாவில் ஒரு வாக்கெடுப்பு

உடைவது உறுதி என்றானதும் எழுந்தது பெரிய கேள்வி: ‘அகேசியா’ என்ற பெயர் யாருக்கு? கட்சி உடையும்போது சின்னம் யாருக்கு என்று நம் ஊரில் நடக்கும் பரபரப்பு இருக்கிறதே, அச்சு அசல் அதுதான் நடந்தது.

தாவரப் பெயரிடலுக்கு எழுதிவைத்த சட்டம் உண்டு. ஒவ்வொரு பேரினத்துக்கும் ஒரு மாதிரி இனம் இருக்கும். பேரினம் பிரிந்தால் மாதிரி இனம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய பெயர். பிலிப் மில்லர் 1754-இல் நிறுவிய அகேசியாவின் மாதிரி இனம் எது தெரியுமா? நைல் நதிக்கரையின் கருவேல்! அதாவது நம் கண்மாய் மரம்! சட்டப்படி பார்த்தால் பெயர் கருவேலுக்கே சொந்தம்.

இங்கேதான் 2003-இல் ஆஸ்திரேலியாவின் அந்தோனி ஆர்ச்சர்டும் புரூஸ் மாஸ்லினும் ஒரு முன்மொழிவு வைத்தார்கள். சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது: பெரும் குழப்பம் வரும் என்றால் மாதிரி இனத்தையே மாற்றிக்கொள்ளலாம். கருவேல் கூட்டத்தில் 160 சிற்றினங்கள் அளவில்தான் இருக்கின்றன, ஆஸ்திரேலியக் கூட்டத்தில் ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன. குறைவான பெயர்களை மாற்றுவதே நல்லது என்பது அவர்கள் வாதம். எதிர்த்தவர்களின் வாதமும் கனமானது: கருவேல் கூட்டம் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா என்று எத்தனையோ நாடுகளில் பரவியிருக்கிறது; ஒரு கண்டத்தின் வசதிக்காக முந்திய பெயரின் உரிமையைப் பறிக்கலாமா? இரண்டு பக்கமும் காரணம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு சூடு!

சர்வதேசத் தாவரவியல் மாநாடு ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கூடும். மாநாட்டுக்கு முந்திய வாரத்தில் பெயரிடல் பிரிவு தனியாக உட்காரும். வெளியுலகம் கண்டுகொள்ளாத அந்த அறையில்தான் உலகத்தின் செடிகொடிகளுக்கெல்லாம் சட்டம் எழுதப்படுகிறது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. அதுபோக ஹெர்பேரியங்களுக்கும் அவற்றின் நிலைக்கு ஏற்ப 1 முதல் 7 வரை வாக்குகள். அந்த வாக்குகளைப் பிரதிநிதிகள் கையோடு கொண்டு வருவார்கள். முக்கியமான தீர்மானம் என்றால் சீட்டுப் போட்டு எண்ணுவார்கள்.

2005 ஜூலை, வியன்னா. நிபுணர் குழு ஏற்கெனவே ஆதரவாக 9, எதிராக 6 என்று ஆஸ்திரேலியப் பக்கம் பரிந்துரைத்திருந்தது. அதை நிராகரிப்பதா வேண்டாமா என்பதே கேள்வி. சீட்டுகளை எண்ணினார்கள். பரிந்துரைக்கு எதிராக 54.9 சதவீதம்! எதிர்ப்புக்குத்தான் பெரும்பான்மை. ஆனால் குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 சதவீதம் வேண்டும் என்பது அங்கே பின்பற்றிய விதி. ஐந்து சதவீதம் எட்டவில்லை. பெயர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. பெரும்பான்மை எதிர்த்தும் நிறைவேறிய தீர்மானம் என்று கோபம் கொப்பளித்தது. ஆறு ஆண்டுகள் கட்டுரைக்கு மேல் கட்டுரை, மறுப்புக்கு மேல் மறுப்பு! 2011 ஜூலையில் அடுத்த மாநாடு மெல்போர்னில், அதாவது ஆஸ்திரேலிய மண்ணிலேயே கூடியது. சமரச யோசனைகள் வந்தன, எதுவும் தேறவில்லை. தெளிவான பெரும்பான்மையோடு வியன்னா முடிவு உறுதியானது. அந்த நாட்டின் தேசிய மலரான தங்க வாட்டில், ‘அகேசியா பிக்னாந்தா’ என்ற பெயரிலேயே நிலைத்தது.

சென்னை ராஜதானியிலிருந்து எழுந்த பெயர்

சரி, கருவேலுக்கு இப்போது என்ன பெயர்? புதிதாக ஒன்றை யாரும் இஷ்டத்துக்குச் சூட்ட முடியாது. கூட்டத்தில் இருக்கும் எந்த மரத்துக்காவது இதற்கு முன்னால் யாராவது முறைப்படி வைத்த பேரினப் பெயர் இருந்தால், அவற்றில் எது மூத்ததோ அதுதான் செல்லும். தேடினார்கள். கிடைத்தது: வாச்செல்லியா, 1834. வைத்தவர்கள் ராபர்ட் வைட், வாக்கர் அர்னாட்!

ராபர்ட் வைட் ஸ்காட்லாந்துக்காரர். 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். வைத்தியத்தைவிடச் செடிகள்மேல் பித்து. நம் மண்ணில் சேகரித்த உலர்தாவரங்களை மூட்டை மூட்டையாக ஊருக்கு எடுத்துப்போய், நண்பர் அர்னாட்டோடு உட்கார்ந்து 1834-இல் தென்னிந்தியத் தாவரங்களுக்கு ஒரு நூல் வெளியிட்டார். கஸ்தூரிவேல் மரத்தை அகேசியாவிலிருந்து தனியாகப் பிரித்து, சீனக் கடற்கரையில் மக்காவில் பாதிரியாராக இருந்துகொண்டே செடி சேகரித்த ஜார்ஜ் ஹார்வி வாச்செல் நினைவாக ‘வாச்செல்லியா’ என்று பெயரிட்டது அந்த நூலில்தான். பிறகு இந்தியா திரும்பி, 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் கம்பெனியின் பருத்திச் சோதனைகளை நடத்தினார். ருங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் அவருக்காக வரைந்த தாவரப் படங்கள் இன்றைக்கும் உலகம் மெச்சுகிறவை.

வைட் பிரித்ததைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. பெந்தமின் பெரிய அகேசியாவுக்குள் அந்தப் பெயர் கரைந்துபோனது. 2005-க்குப் பிறகு அதே பெயர், ஆப்பிரிக்கச் சவன்னாவின் குடை மரத்திலிருந்து ராமநாதபுரத்துக் கருவேல் வரைக்கும், நம் குடைவேலுக்கும் வெள்வேலுக்கும் சேர்த்து, நிலைப்பெயராக எழுந்து நிற்கிறது. கென்யாவின் வனக் கையேட்டிலும் மெக்சிகோவின் தாவரப் பட்டியலிலும் இனி வைட், அர்னாட் வைத்த பெயர்தான்!

இதே கதை இன்னொரு பக்கமும் நடந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த ராஃபினெஸ்க் என்ற தாவரவியலாளர் ஆயிரக்கணக்கில் பெயர்களை அள்ளி வீசியவர். வாழ்நாளில் பலரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1840-இல் வறுமையில் இறந்துபோனார். அவருடைய 1838-ஆம் ஆண்டு நூல் ஒன்றில்தான் செனகாலியா இருக்கிறது, நெல்டுமாவும் அதே நூலில்தான் இருக்கிறது. சீயக்காய்க்கும் சீமைக்கருவேலுக்கும் இன்று பெயர் கொடுத்திருப்பவர் அவர்தான்.

வன்னி ஜெயித்த கதை

கருவேல் பெயரை இழந்தது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு இனிப்புச் செய்தி. புரோசோபிஸ் பேரினம் உடைந்தபோது நடந்தது நேர் எதிர்!

வன்னியும் சீமைக்கருவேலும் ஒரே பேரினம் என்றுதான் எல்லாப் புத்தகங்களும் சொல்லின. அர்ஜென்டினாவின் ஆர்துரோ புர்கார்ட் 1976-இல் இந்தப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து, முள்ளையும் காயையும் பார்த்து உட்பிரிவுகள் போட்டிருந்தார். மரபணு வந்த பிறகு பார்த்தால், அந்த உட்பிரிவுகள் பலவும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு. 2022-இல் காலின் ஹியூஸும் சக ஆய்வாளர்களும் புரோசோபிஸை நான்காகப் பிரித்தார்கள். ஆப்பிரிக்க மரம் ஒன்று தனியாக அனோனிக்கியம். திருகாணியாகச் சுருண்ட காய் உடைய அமெரிக்கக் கூட்டம் ஸ்ட்ரோம்போகார்ப்பா. சீமைக்கருவேல் உள்ளிட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிற்றினங்கள் நெல்டுமா. புரோசோபிஸ் என்ற பெயரோடு மிஞ்சியவை மூன்றே மூன்று! அதில் ஒன்று நம் வன்னி.

ஏன் வன்னிக்குப் பெயர் போகவில்லை? ஏனென்றால் லின்னேயஸ் 1767-இல் அந்தப் பேரினத்தை வன்னியை வைத்துத்தான் நிறுவினார். மாதிரி இனமே வன்னி! விருத்தாசலம் கோயிலின் தலமரமாகவும் ராஜஸ்தானின் மாநில மரமாகவும் நிற்கிற வன்னி, ‘புரோசோபிஸ் சினரேரியா’வாகவே நிலைத்துவிட்டது. எண்ணிக்கையில் பெரிய அமெரிக்கக் கூட்டம் இருந்தும், இந்தத் தடவை மாதிரி இனத்தை மாற்றவில்லை. வெளியே போனது சீமைக்கருவேல். அதற்கு 1788-இல் மிமோசா, 1825-இல் புரோசோபிஸ், 1838-இல் ராஃபினெஸ்க் கையால் நெல்டுமா என்று பெயர் மாறிய வரலாறு ஏற்கெனவே உண்டு. கடைசிப் பெயர்தான் இப்போது செல்லுபடி.

இனி நீங்களே பாருங்கள்

ஆய்வகம் இல்லாமலே இந்தப் பிரிவினையைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு இதில் எல்லாவற்றிலும் பெரிய சந்தோஷம்! முள் போதும்.

கருவேல் கிளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இலையின் அடியிலும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு நேரான முட்கள், பெரும்பாலும் வெளுப்பாக. அவை இலையடிச் செதில்கள் முள்ளாக மாறியவை. வாச்செல்லியாவின் முத்திரை இதுதான். மத்திய அமெரிக்காவில் இதே கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மரத்தில் இந்த ஜோடி முள் மாட்டுக் கொம்பாக உப்பி உள்ளே கூடாகி, அதற்குள் எறும்புகள் குடித்தனம் நடத்தி மரத்தைக் காவல் காக்கின்றன!

சீயக்காய்க் கொடியைத் தொட்டால் வேறு கதை. முள் நேராக இல்லை, கொக்கியாக வளைந்திருக்கிறது. தண்டு நெடுகச் சிதறிக் கிடக்கிறது. அது செதில் மாறியதல்ல, மேல்தோலிலிருந்து எழுந்தது. செங்கருங்காலியில் இதே கொக்கி முள் கணுவுக்குச் சற்றுக் கீழே ஜோடியாக நிற்கும். இரண்டும் செனகாலியா.

மலைக்குப் போனால் வாட்டிலில் முள்ளே கிடையாது. அங்கே ‘அகேசியா மெலனாக்சிலான்’ என்ற வாட்டில் வகையின் இளங்கன்றைத் தேடிப் பிடியுங்கள். ஒரே கிளையில் அடிப்பக்கம் இறகு இறகாகப் பிரிந்த இலைகள், நுனிப்பக்கம் பட்டையான முழு இலைகள். அந்தப் பட்டை இலை உண்மையில் இலையே இல்லை, அகன்று தட்டையான இலைக்காம்பு! நடுவில், காம்பு பாதி அகன்று நுனியில் இறகிலையும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைநிலையும் அதே கிளையில் கிடைக்கும். ஆஸ்திரேலிய அகேசியாக்களில் மிகப் பலவும் இந்தத் தட்டைக் காம்போடுதான் வாழ்கின்றன.

கடைசியாக வன்னியும் சீமைக்கருவேலும். சீமைக்கருவேலில் முள் கணுவில் இருக்கும், இலைக்கோணத்திலிருந்து நீளமாகக் கிளம்பும். வன்னியில் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே, தண்டின் மேல் அங்கங்கே சின்னக் கூம்பு முட்கள். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே இரண்டு பேரினங்களையும் பிரித்தறியலாம். சீமைக்கருவேலில் முள் சிலசமயம் ஜோடியாக நின்று கருவேலோ என்று மயக்கும். அப்போது பூவைப் பாருங்கள்: கருவேலில் மஞ்சள் உருண்டை, சீமைக்கருவேலில் நீண்ட பூங்கதிர். காயையும் பாருங்கள்: கருவேல் நெற்று விதைக்கு விதை இடுங்கி மணிமணியாக இருக்கும், சீமைக்கருவேல் காய் அப்படி இடுங்காமல் மஞ்சளாகத் தொங்கும்.

முழுக் குடும்பமும் மாறுகிறது

நாம் பார்த்தது அவரைக் குடும்பத்தின் ஒரு மூலை மட்டும்தான். சுமார் 19,500 சிற்றினங்களும் 765 பேரினங்களும் கொண்டதாக 2017-இல் கணக்கிடப்பட்ட இந்தக் குடும்பம், பூக்கும் தாவரங்களில் மூன்றாவது பெரியது. அவரைப்பூ வடிவம், கொன்றைப்பூ வடிவம், தொட்டாற்சிணுங்கிப்பூ வடிவம் என்று மூன்று துணைக்குடும்பங்களாகத்தான் கல்லூரியில் படித்தோம். உலக அவரைக் குடும்ப ஆய்வாளர்கள் கூட்டாகச் சேர்ந்து, 698 பேரினங்களின் மரபணுவை ஒப்பிட்டு, 2017-இல் அதை ஆறாக மாற்றினார்கள். துவரையும் உளுந்தும் வேங்கையும் ஒரு வீட்டில். மந்தாரை தனி வீட்டில். புளியும் அசோகும் இன்னொரு வீட்டில். ஆப்பிரிக்காவின் ஒரே ஒரு கொடிக்கு ஒரு துணைக்குடும்பமே ஒதுக்கியாகிவிட்டது! தொட்டாற்சிணுங்கித் துணைக்குடும்பம் தனித்து நிற்காமல் கொன்றைக் கூட்டத்துக்குள்ளேயே போய்விட்டது. ஆக, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரையும் கண்மாய்க் கருவேலும் இப்போது ஒரே துணைக்குடும்பம். வேலை இன்னும் ஓயவில்லை, 2024-இல் அந்தத் துணைக்குடும்பத்தைப் 11 பிரிவுகளாக ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவும் எதற்கு? பெயர் என்பது உறவைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான். எந்த மரம் எந்த மரத்துக்குச் சொந்தம் என்று சரியாகத் தெரிந்தால்தான், ஒன்றில் கண்ட நோய் வேறு எதைத் தாக்கும், ஒன்றின் பூச்சி வேறு எதில் ஏறும் என்றெல்லாம் சரியான இடத்தில் தேட முடியும். பெயர் மாறுகிறதே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் முள்ளை அளந்திருக்கிறார், பூவைப் பிரித்திருக்கிறார், ஆயிரம் மரபணுவைப் படித்திருக்கிறார்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கல்லூரியிலோ பூங்காவிலோ கோயிலிலோ மரத்துக்குப் பெயர்ப்பலகை வைப்பவராக நீங்கள் இருந்தால், புதிய பெயரை எழுதி அதற்கடியில் பழைய பெயரையும் எழுதுங்கள். ஹெர்பேரியத் தாளில் செய்வதும் அதுதான். இரண்டாவது, உங்கள் ஊரில் சீமைக்கருவேல் அகற்றும் வேலை நடந்தால், அரிவாளை ஓங்கும் முன் கிளையைப் பிடித்து முள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பூ உருண்டையா கதிரா என்று பாருங்கள். கருவேலும் வன்னியும் நம் மண்ணின் மரங்கள். தவறி வெட்டிவிடாதீர்கள்.